பல மொழி ஆதரவு: வேண்டாம்

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆண்களுக்கு முப்பது வயதை நெருங்கும்போது ஒரு ஜுரம் வரும். சிலர் மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு லடாக் போவார்கள். சிலர் வீட்டிலேயே ரொட்டி சுட ஆரம்பித்து, மாவு உப்பவில்லை என்று மனைவியிடம் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு வந்தது அதைவிட மோசமான வகை. எனக்கு வேண்டிய எடிட்டரை நானே கம்பைல் செய்துகொள்ளப் புறப்பட்டேன்.

எடிட்டர் என்றால் பத்திரிகை ஆசிரியர் இல்லை. கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடிக்கவும் திருத்தவும் உதவுகிற மென்பொருள். நல்ல புத்தி உள்ளவர்கள் அதைத் தயார் நிலையில் இறக்கிக்கொண்டு, வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் சில எடிட்டர்களை எழுதிய புண்ணியவான்கள் அதன் மூல நிரலையே இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கி, இந்த வசதி வேண்டும், அந்த வசதி வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட்டால், நம் கம்ப்யூட்டரே நமக்கு ஏற்ற மாதிரி ஒன்றைச் சமைத்துக் கொடுக்கும். அந்தச் சமையல்தான் கம்பைல். அந்த வேண்டும்-வேண்டாம் படலத்துக்குப் பெயர் கன்ஃபிகர். என் மானம் போனது அந்தப் படலத்தில்தான்.

கிளப்பிவிட்டது ஆபீஸ் நண்பன் பாட்டியா. (பாட்டி இல்லை, பஞ்சாபி.) “ரெடிமேட் எடிட்டர், ரெடிமேட் சட்டை மாதிரி. தோள்பட்டையில் தொளதொளவென்று இருக்கும். குத் பனாவோ, யார்!” என்றான். நீயே செய்துகொள்ளப்பா என்று அர்த்தம். அவன் செய்துகொண்டானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்போது எனக்கும் வித்யாவுக்கும் கல்யாணமாகி முதல் குளிர்காலம். மயூர் விஹாரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் நாலாவது மாடியில் குடியிருந்தோம். வித்யாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா வழியில் திருநெல்வேலி. பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கிலீஷும் ஹிந்தியும். வீட்டில் காதால் கேட்ட தமிழை வைத்துக்கொண்டு, கல்லூரி முடித்த பிறகு தானாகவே எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். அப்படிக் கற்றுக்கொண்டவள் சும்மா இருந்திருக்கலாம். நாடகம் எழுத ஆரம்பித்துவிட்டாள். (நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். லீவ் லெட்டரைத் தவிர எதுவும் எழுதியதில்லை.)

சொசைட்டியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா நடத்துவதாக ஏற்பாடு. அதில் வித்யாவின் நாடகம். ரிடையரான கிளார்க் ஒருவர் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி தேர்தலில் நிற்கிறார், அதுதான் கதை. கதாநாயகன் வித்யாவின் சித்தப்பா சங்கரன். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர், கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸ். ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி, முருங்கைக்காயும் நேந்திரங்காய் சிப்ஸுமாக வந்து நிற்பார். குரல் கணீரென்று இருக்கும். ஞாபகம்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

மூன்று காட்சிகள். முதல் இரண்டை எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். மூன்றாவதில் சித்தப்பா தேர்தல் கூட்டத்தில் பெரிய பிரசங்கம் செய்ய வேண்டும். விழாவுக்கு முந்தின நாள், அந்தக் காட்சி அழுமூஞ்சித்தனமாக இருக்கிறது என்று வித்யா முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எழுதினாள். எழுதியதை ஒரு தடவை எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். அன்று எங்கள் வீட்டுச் சிரிப்புச் சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, என்ன விசேஷம் என்று கேட்டார்.

“பிரசங்கம்தானே, நான் கையில பேப்பர வச்சிக்கிட்டே பேசுதேன். மனப்பாடமெல்லாம் இனிமே நடக்காது, பாத்துக்கோ” என்று சித்தப்பா சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிண்ட் எடுத்தால் போதும் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வித்யா மேடை வேலைக்காகக் கீழே கம்யூனிட்டி ஹாலுக்குப் போய்விட்டாள். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு டம்ளர் காபியுடன், மூல நிரலைத் திறந்தேன்.

என்னென்ன வசதிகள் உண்டு என்று கேட்டேன். ஒரு பட்டியல் ஓடியது பாருங்கள், திரை நிற்கவே இல்லை. மவுஸ், மெனு, எழுத்துப்பிழை திருத்தம், பழைய பிரதியைப் பத்திரப்படுத்துதல், செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ, கரண்ட் போனால் மீட்டெடுத்தல். எனக்குச் சிரிப்பாக வந்தது. இவ்வளவு மூட்டையையா ஒரு எடிட்டர் சுமக்கிறது? பாவம், அதனால்தான் திறக்க ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறது! (அந்த ஒரு விநாடியை மிச்சம் பிடித்து நான் என்ன கிழித்திருப்பேன் என்று இன்று வரை தெரியவில்லை.)

டிசேபிள், டிசேபிள் என்று ஒவ்வொன்றாக வெட்டினேன். மவுஸ் எதற்கு, கோழைகளுக்கு. டிசேபிள். பழைய பிரதி எதற்கு, நான் என்ன தப்பா செய்யப்போகிறேன்? டிசேபிள். செய்ததைத் திரும்பப் பெறுவதா? ஆண்பிள்ளை வைத்த காலைப் பின்வாங்குவானா? டிசேபிள். ‘பல மொழி எழுத்து ஆதரவு’ என்று ஒன்று வந்தது. ஆபீஸில் நான் அடிப்பது எல்லாம் இங்கிலீஷ். இது சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்குமான சமாசாரம் என்று நினைத்தேன். டிசேபிள்.

தமிழ் என்று ஒரு மொழி இருப்பதோ, அதில்தான் நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதோ அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு கம்பைல். திரையில் வரி வரியாக என்னென்னவோ ஓட, மின்விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இரைய, பிரசவ வார்டு வாசலில் நிற்கும் தகப்பன் மாதிரி அறைக்குள் நடந்தேன். முடிந்தது. ஒரு தப்புக்கூட வரவில்லை. பழைய எடிட்டரின் இடத்திலேயே புதியதை நிறுவினேன். தட்டினால் திறந்தது. கண் இமைப்பதற்குள் என்பார்களே, அதற்கும் முன்னால். பாட்டியாவுக்குப் போன் போட்டேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

வெற்றி தலைக்கு ஏறினால் எனக்குச் சுத்தம் செய்யத் தோன்றும். வித்யாவின் நாடகக் கோப்புகள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘நிஜமான ஃபைனல்’ என்று இறைந்து கிடந்தன. நிஜமானதை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். வீட்டு வேலையில் மனைவிக்கு உதவுகிற கணவன் என்ற நினைப்பு வேறு.

அப்போது வித்யா போன் செய்தாள்.

“ரகு, ஜல்தி ஒரு காரியம் பண்ணு. லிஃப்ட் காலையிலேர்ந்து நின்னு போச்சு. மெஹ்ரா சாப் செம டென்ஷன்ல இருக்கார். அவர்தான் சாயங்காலம் முன் வரிசையில உக்காரப்போறார்.”

மெஹ்ரா சாப் எங்கள் சொசைட்டியின் நிஜ செக்ரட்டரி.

“சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்? லிஃப்ட்ட ரிப்பேர் பண்ணணுமா?”

“ஐயோ, வேண்டாம். மூணாவது காட்சி முழுக்க சித்தப்பா லிஃப்ட்டத்தான் திட்டறார். நான் எழுதறப்போ லிஃப்ட் நல்லா இருந்துச்சு. இப்போ அவரைக் குத்திக் காட்டற மாதிரி ஆயிடும். லிஃப்ட்னு இருக்கற இடத்துல எல்லாம் பம்ப்னு மாத்திட்டு, பிரிண்ட் எடுத்துட்டு வந்துடு. அச்சா?”

“அச்சா” என்றேன், புது எடிட்டரைத் தட்டிக்கொண்டே.

திரையைப் பார்த்தேன். வித்யா நடிகர்களின் சௌகரியத்துக்காக இங்கிலீஷ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதுவாள். அவை எல்லாம் சமர்த்தாக இருந்தன. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது:

???????????! ???? lift ?????????????, ?????? maintenance ??????????.

இங்கேதான் ஒரு சாதாரண மனிதன் நின்றிருப்பான். நான் நிற்கவில்லை. ‘திரையில் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான், உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும்’ என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். லிஃப்டை எல்லாம் ஒரே கட்டளையில் பம்ப் ஆக்கினேன். மின்னல் வேகம். சேமித்தேன். அதுவும் மின்னல் வேகம். திரையில் கேள்விக்குறியாகத் தெரிந்ததையெல்லாம் அந்த எடிட்டர் கோப்பிலும் கேள்விக்குறியாகவே எழுதி வைத்துவிட்டது. அந்த விநாடியோடு வித்யாவின் மூன்றாம் காட்சி உலகத்திலிருந்து மறைந்தது.

எனக்கு அது அப்போதும் தெரியாது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு, நாலு மாடி இறங்கி, மார்க்கெட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிரிண்ட் எடுத்துப் பார்த்து, காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“பாயி சாப், இஸ்மே தோ சவால் ஹீ சவால் ஹை. ஜவாப் கிதர் ஹை?”

ஹிந்தியில் சவால் என்றால் கேள்வி. இதில் கேள்வியாகவே இருக்கிறதே, பதில் எங்கே என்று அவர் கேட்டார். தமிழில் சவாலுக்கு என்ன அர்த்தமோ அதுவும் எனக்காகக் காத்திருந்தது.

“உங்க கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபான்ட் இல்லை” என்று ஹிந்தியில் அதட்டினேன். அவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு தமிழ்க் கல்யாணப் பத்திரிகையைத் திறந்து காட்டினார். சுபமுகூர்த்தம் என்பதில் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். லிஃப்ட் இல்லை. நாலு மாடி ஏறி, கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்தேன். கேள்விக்குறி. போனுக்கு அனுப்பித் திறந்தேன். கேள்விக்குறி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். (நம் ஜாதியின் கடைசிப் பிரார்த்தனை அது.) கேள்விக்குறி. வேறு வழி தெரியாமல் அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு இறங்கினேன்.

மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் சித்தப்பா கண்ணாடி முன் உட்கார்ந்து மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். வித்யா அவருக்குத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன். அவள் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள்.

“இது என்ன ரகு?”

“மூணாவது காட்சி.”

“எங்கே?”

சொன்னேன். கம்பைல், கன்ஃபிகர், பாட்டியா எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகு கேட்டாள்:

“பழைய காப்பி?”

“டெலீட் பண்ணிட்டேன்.”

“எடிட்டர் தானா ஒரு காப்பி வெச்சுக்குமே?”

“அதை டிசேபிள் பண்ணிட்டேன்.”

“அன்டூ?”

“டிசேபிள்.”

“எதைத்தான் விட்டு வெச்சே?”

நன்றாக யோசித்துப் பார்த்து, “கர்சர் இருக்கு” என்றேன்.

சித்தப்பா காகிதத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். பாதி மீசை தொங்கிக்கொண்டிருந்தது. “ஏ வித்யா, இதுல நெசமான கேள்விக்குறி எதும்மா?” என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தார்.

வித்யா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவள் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உதடு மெல்ல அசைந்தது. விரலால் கேள்விக்குறிகளின் மேல் தாளம் போட்டாள். பிறகு என்னிடம், “பேனா இருக்கா? பின்பக்கத்துல எழுது” என்றாள்.

“என்ன எழுதறது?”

“‘பெரியோர்களே! இந்த பம்ப்பு ஓடாதவரைக்கும், யாரும் மெயின்டனன்ஸ் கட்டாதீங்க.’ எழுது. கமா இருக்கு பாரு, அதைப் போடு.”

நான் வாயைப் பிளந்தேன்.

“எப்படி?”

“நீளமா ஒண்ணு, பக்கத்துல ஆச்சரியக்குறி. அது பெரியோர்களேதான். நான் தமிழை முதல்ல காதாலதான் படிச்சேன், ரகு. எழுத்து எல்லாம் அப்புறம் வந்ததுதான். எழுதறப்போ சத்தம் மனசுல ஓடிட்டே இருக்கும். எந்த இடத்துல மூச்சு விடணும்னு கமா இருக்கு, எந்த இடத்துல கத்தணும்னு ஆச்சரியக்குறி இருக்கு. வார்த்தைதான் இல்லை.”

வார்த்தைதான் இல்லை! பிளாஸ்டிக் நாற்காலியில், மேக்கப் பவுடர் வாசனைக்கு நடுவில், ஒரு மனுஷி வெறும் கேள்விக்குறிகளைப் பார்த்து ஒரு முழுப் பிரசங்கத்தை வாசித்தாள். நான் எழுதினேன். மெயின்டனன்ஸ், பார்க்கிங், வாட்டர் டேங்க் என்று கரை ஒதுங்கிய இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போனாள். நடுவில் நிற்கும்போது சித்தப்பா எடுத்துக் கொடுத்தார்.

“நேத்து படிச்சியே, அந்த மோட்டாரு மாமியாரு மாதிரி உறுமும், ஆள மட்டும் மேல ஏத்தாதுன்னு. அது இதுக்கு அடுத்தாப்ல, பாத்துக்கோ.”

“ஆமா சித்தப்பா! உறுமும் இல்ல, முணுமுணுக்கும். ஆளுக்குப் பதிலா தண்ணின்னு போட்டுக்கலாம். இங்க நீள வார்த்தை இருக்கு பாருங்க.”

ஒரு இடத்தில் அவள் சொன்ன வாக்கியம் கேள்விக்குறிகளைவிட நீளமாக இருந்தது. மெதுவாகச் சுட்டிக் காட்டினேன். “தெரியும். இது பழசைவிட நல்லா இருக்கு, எழுது” என்றாள். அன்றைக்கு நான் அவளைத் திரும்பவும் காதலிக்க ஆரம்பித்தேன் என்று எழுதினால் சினிமாத்தனமாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். பேனா பிடித்த விரல் வலிக்க வலிக்க, இவளையா நான் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு மலைப்பு. இவள் போய் என்னைச் செய்துகொண்டாளே என்று அடுத்த மலைப்பு.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி தகராறு செய்தது. அதில் இங்கிலீஷ் இல்லை, கமா இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. நாலு வார்த்தை. அவள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். சித்தப்பா மீசையைப் பிய்த்துவிட்டு யோசித்தார். வெளியே நாற்காலிகள் நிரம்புகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

“விடுங்க. கேள்விக்குறியாவே இருக்கட்டும். அந்த இடம் வந்தா ஏதாவது சொல்லிச் சமாளிங்க சித்தப்பா” என்றாள்.

“நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாடகம் பிரமாதமாகப் போயிற்று. மூன்றாம் காட்சியில் சித்தப்பா என் கோழிக்கிறுக்கலை நீட்டிப் பிடித்துக்கொண்டு முழங்கினார். பம்ப்பைத் திட்டினார், பார்க்கிங்கைத் திட்டினார். முன் வரிசையில் மெஹ்ரா சாப் எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. பம்ப், பார்க்கிங், மெயின்டனன்ஸ் மட்டும்தான் காதில் விழுந்திருக்கும். அவருடைய காதிலும் பல மொழி ஆதரவு டிசேபிள். ஆனாலும் விஷயம் முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த வரி வந்தது. சித்தப்பா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். காகிதத்தைப் பார்த்தார். மேடையின் ஓரத்தில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். கூட்டமும் என்னைப் பார்த்தது.

“பெரியோர்களே, இந்த இடத்துல ஒரு அருமையான டயலாக் இருந்துச்சு. எங்க வீட்டு மாப்ளே தின்னுட்டாரு.”

அரங்கம் இடிந்தது. இரண்டு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். டில்லிச் செங்கோட்டையில் சுதந்திர தினத்தன்று பேசுகிறவர் மாதிரி சித்தப்பா கையை உயர்த்தி அமைதி கேட்க, சிரிப்பு இன்னும் கூடிற்று. நான் திரைச்சீலைக்குள் என்னைச் சுருட்டிக்கொண்டேன். அப்படிச் சுருட்டிக்கொண்டபோது திரை பாதி தூரம் இழுபட்டு வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

முடிந்ததும் மெஹ்ரா சாப் மேடைக்கு வந்து வித்யாவிடம், “மேடம், பம்ப் தோ டீக் ஹை. ஆப் லிஃப்ட் கி பாத் கர் ரஹீ தீ, ஹை நா?” என்றார். பம்ப் நன்றாகத்தானே ஓடுகிறது, நீங்கள் சொன்னது லிஃப்டைத்தானே என்று. மறுநாள் லிஃப்ட் ஓடியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வித்யா அந்தப் பட்டியலைத் திறக்கச் சொன்னாள். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வசதியாக, இது யாருக்கு, எதற்கு என்று கேட்டாள். எனக்குப் பாதி தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொன்னேன். வலமிருந்து இடமாக எழுதுகிறவர்களுக்கு ஒன்று. கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்ட ஒன்று. விரல் நடுங்குகிறவர்களுக்கு ஒன்று.

“இது ஒவ்வொண்ணையும் உலகத்துல யாரோ ஒருத்தர் கேட்டிருக்காங்க. யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதிக் கொடுத்திருக்காங்க. சம்பளம்கூட இல்லாம. எவ்வளவு நல்லவங்க, இல்ல?” என்றாள்.

காலையில் மூட்டை என்று நான் சிரித்த அதே பட்டியல். எல்லாவற்றையும் எனேபிள் செய்து மறுபடி கம்பைல் செய்தோம். திறக்க ஒரு விநாடி ஆயிற்று. நன்றாகத்தான் இருந்தது.

எங்களுக்கு அப்புறம் ஒரு பெண் பிறந்தாள். பக்கா டில்லிக்காரி. ஹிந்தியில் சண்டை போடுவாள், இங்கிலீஷில் சமாதானமாவாள். தமிழில் ‘ழ’ வராது, வினைச்சொல்லை நடுவில் தொலைத்துவிடுவாள். ஆனால் வீட்டில் எது காணாமல் போனாலும், டிவி ரிமோட்டோ, அவளுடைய ஒற்றைச் சாக்ஸோ, ஃபிரிட்ஜில் இருந்த கடைசி குலாப் ஜாமூனோ, யாரும் தேடுவதற்கு முன்பே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அசல் திருநெல்வேலி ராகத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வாள்:

“மாப்ளே தின்னுட்டாரு.”

பெரும்பாலும் வேறு யாராவதுதான் எடுத்திருப்பார்கள். குலாப் ஜாமூன் விஷயத்தில் மட்டும் நான் மறுத்துப் பேசுவதில்லை.